சமதரையில் ஐந்து நிமிடம்

12 ஜூன் 2025, வியாழன்

பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் தேடினேன். ஆயில் ஊற்றும் மூடி இருக்கிறது, தண்ணீர் டப்பா இருக்கிறது. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கம்பியை மட்டும் காணோம். சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். “அம்மா, இந்த வண்டில டிப்ஸ்டிக்கே கிடையாது. உள்ள சென்சார் இருக்கு. ஸ்கிரீன்ல காட்டும்” என்று சொல்லிவிட்டுக் கனிமொழி சிரித்தாள்.

இந்த எழுபத்தோரு வயதில், நான் பெற்ற மகளே சிரிக்கும்படி ஆகிவிட்டது.

ஏப்ரலில் மாற்றலாகிப் போகும்போது அவள் விட்டுப்போன கார் இது. பெரிய கார், பழசை விட அமைதியாக ஓடுகிறது. குறை சொல்லக் கூடாது. இது இல்லையென்றால் வியாழக்கிழமைகள் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் நான் பஸ்ஸிலும் போய்விடுவேன். ஆனால் அங்கே இருக்கும் எழிலரசியை நடைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப்போவது? பிப்ரவரியில் வந்த ஸ்ட்ரோக்கில் இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆட்டோவில் ஏற அந்தக் கால் எழும்பாது. வேறு யாரோடும் போகவும் மாட்டாள். “அண்ணி வந்தா போறேன். இல்லாட்டி வூட்லயே கெடக்கறேன்.” என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவரைப் போலவே பிடிவாதம்.

முதல் ஆறு மாதத்தில் மீள்வதுதான் பெரும்பாலும் மீள்வது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்டோடு ஆறு மாதம் முடிகிறது.

இன்று வாக்கரோடு பதினோரு அடி நடந்தாள்.

15 ஜூன், ஞாயிறு

ஞாயிறு காலையில் ஆயில் பார்ப்பது இந்த வீட்டுப் பழக்கம். அவர் போய் நான்கு வருடமாகியும் நான் விடவில்லை. இந்த வண்டிக்குப் போன மாதம்தான் சர்வீஸ் ஆனதால் இன்றுதான் முதல் தடவை. போர்ட்டிகோவில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு பக்கம் திறந்து, கடைசியில் அந்தப் படம் வந்தது. அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே!

கனியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். “நடு ரோட்ல நின்னா என்னம்மா பண்ணுவ? இந்த வயசுல உன்னை ஹைவேல விட்டுட்டு நான் இங்க தூங்கறேனா? ஒரே ஒரு தடவை வழில நிக்கட்டும், காரை வித்துடுவேன்.”

கார் அவள் பேரில் இருக்கிறது. விற்கவும் செய்வாள். சொன்னதைச் செய்யும்படி வளர்த்தது நான்தான்.

16 ஜூன்

அரை லிட்டர் வாங்கி ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

19 ஜூன், வியாழன்

பத்தொன்பது அடி. போகும்போதும் வரும்போதும் கார் ஒரு குறையும் வைக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. ஊற்றியது எங்கே போயிற்று? போர்ட்டிகோ தரையில் ஒரு பொட்டு ஒழுகல் இல்லை.

போன மாதம் சர்வீஸ் செய்த இடத்துக்குப் போன் செய்தேன். சத்யப்பிரியா என்று ஒரு பெண் பேசினாள். ஆயில் குறைத்து ஊற்றியிருக்கிறீர்கள் என்று நேராகவே சொன்னேன். “இல்லம்மா, அளந்துதான் ஊத்தினோம். நீங்க வண்டிய எங்க நிறுத்தி—” என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் கார் ஓட்டுகிறேன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஒரு இணைப்பைக்கூடத் தப்பாகக் கொடுத்ததில்லை, எனக்குப் பார்க்கத் தெரியும் என்றேன். “சரிங்கம்மா” என்றாள்.

இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன்.

26 ஜூன், வியாழன்

நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் திரையில் மஞ்சள் விளக்கு. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலமாகப் புகை. ஆயில் அளவு அதிகம் என்று எழுத்து. அதிகமா? மூன்று முறை படித்தேன்.

பக்கத்தில் டிராக்டர் பட்டறை. மெக்கானிக் கதிர்வேல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானெட்டுக்குள் தலையை விட்டார். “கம்பி எங்கம்மா?”

“கம்பி இல்லாத வண்டிங்க.”

“கம்பி இல்லாமயா? அப்ப இந்த ஸ்கிரீன் சொல்றதத்தான் நம்பிக்கணுமா?” திரையை ஒரு மாதிரி பார்த்தார். “ஓட்டாதீங்கம்மா. எண்ண ஜாஸ்தியானாலும் இன்ஜினுக்கு ஆகாது. நெழல்ல குந்துங்க.”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சர்வீஸ் வண்டி வர மூன்று மணி நேரம்.

எழில் ஒன்பது மணிக்கே சேலை கட்டி, அவளைக் கவனித்துக்கொள்ளும் பொன்னியைத் தலை பின்னச் சொல்லி, வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். வண்டி நின்றதைப் போனில் சொன்னேன். “பரவால்ல அண்ணி. நைட்டிய மாத்திக்கிறேன்.”

அய்யோ எழில். திட்டியிருக்கலாமே என்னை.

27 ஜூன்

ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளியே எடுத்தார்கள். நான் ஊற்றியது ஒரு லிட்டர்.

அந்தப் பெண் சத்யப்பிரியா, வயது இருபத்தைந்து இருக்கும், குரலை உயர்த்தாமல் கேட்டாள். “எங்க நிறுத்திப் பாத்தீங்கம்மா?”

“எங்க வீட்டு போர்ட்டிகோவில்.”

“சரிவா இருக்குமா?”

இருக்கும். தெருப் பக்கம் தாழ்ந்து, சுவர்ப் பக்கம் உயர்ந்து.

“தட்டுல ரசத்த ஊத்திச் சாய்ச்சா ஒரு பக்கமா ஒதுங்கிடுமில்லம்மா? அதான். ஆயில் பின்னாடி ஒதுங்கிடுது, சென்சாருக்கு எட்டல. கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜின் சூடானப்புறம், சமதரைல நிறுத்தி ஆஃப் பண்ணி, அஞ்சு நிமிஷம் விட்டுப் பாக்கணும். புக்ல இருக்கும்.”

இருக்கிறது. பக்கம் 214. நான் 213 வரை படித்துவிட்டு, ஆயில் பார்ப்பது எனக்குத் தெரியாதா என்று அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். பென்சில் குறி அப்படியே இருக்கிறது.

பில்லில் அவள் எழுதியது: ஆயில் அளவு சரிசெய்யப்பட்டது. அவ்வளவுதான். யாரால் என்று எழுதவில்லை.

28 ஜூன்

2015 வெள்ளத்தில் பழைய காரின் சீட் வரை தண்ணீர் ஏறியது. அடுத்த வருடமே அவர் போர்ட்டிகோவை இரண்டடி தூக்கி, தண்ணீர் நிற்காமல் ஓடச் சரிவு வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தப் புதுப் பழக்கம். ஞாயிறு காலை பீச் வரை ஒரு சுற்று போய்விட்டு வருவார். காரை உள்ளே ஏற்ற மாட்டார், தெருவிலேயே நிறுத்துவார். கேட்டில் சாய்ந்துகொண்டு காபியை நிதானமாகக் குடிப்பார். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார்.

“ஆயில் பாக்கறதையும் தெருவே பாக்கணுமா?” என்பேன்.

“பாத்தா பாத்துட்டுப் போறாங்க.”

ஐந்து வருடம் இதையே சொன்னேன். பெருமைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். என் தங்கைகளிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் போன பிறகு நான் போர்ட்டிகோவிலேயே பார்த்தேன், பழைய கார் பொறுத்துக்கொண்டது.

சூடு. சமதரை. ஐந்து நிமிடம். காபி அதற்குத்தானா?

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் ‘எனக்குத் தெரியும்’ என்றிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

29 ஜூன், ஞாயிறு

வண்டி வழியில் நின்றது கனிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் சென்சார் கோளாறு, சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பில்லும் அதை மறுக்காது. நான் செய்ததைச் சொன்னால் கார் போய்விடும். கார் போனால் எழில் நைட்டியோடு உட்கார்ந்துவிடுவாள். ஆகஸ்டுக்கு எத்தனை வியாழன் இருக்கிறது?

கான்வென்ட்டில் படித்தபோது, செய்த தப்பை நாமே எழுதி மதரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் வார்த்தை ‘நான்’ என்று இருக்க வேண்டும். ‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்று எழுதிப் போனால், படிக்காமலே திருப்பித் தருவார்.



30 ஜூன்

சத்யப்பிரியாவுக்குக் கடிதம் எழுதி நேரில் போய்க் கொடுத்தேன். ‘நான் உன்னைப் பேச விடாமல் தடுத்தேன்’ என்று ஆரம்பித்தேன். “ஐயோ, எதுக்கும்மா இதெல்லாம்” என்று எழுந்து நின்றுவிட்டாள். பிறகு பிரித்துப் பார்த்து, “பிரிண்ட் போட்ட மாதிரி இருக்கும்மா உங்க கையெழுத்து” என்றாள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் சந்தோஷப்பட்டு வந்தேன். வெட்கம்தான்.

சாயங்காலம் கனிக்குப் போன். “நான் சரிவில் நிறுத்திப் பார்த்தேன். நான் ஒரு லிட்டர் அதிகமாக ஊற்றினேன். நான் வழியில் நின்றேன்.”

“மறைச்சிருக்கலாம்ல?” என்றாள்.

“இருக்கலாம்.”

“அத்தை ரொம்ப நேரம் காத்திருந்தாங்களா?”

ஒன்பது மணியிலிருந்து என்றேன், நைட்டியை மாற்றிக்கொண்டதையும் சொன்னேன். கனி பெருமூச்சு விட்டாள். “சரி. வியாழனுக்கு வியாழன் சரியா நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு, ஸ்கிரீன போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். ஒரு வாரம் வரலன்னாலும் வித்துடுவேன்.”

யாரிடம் கற்றாள் இதையெல்லாம்?

3 ஜூலை, வியாழன்

அவருடைய டூல் பெட்டியிலிருந்து, தரை மட்டமா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துப் போனேன். எழில் வீட்டு வாசலில் தெருத் தரையில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் குமிழி நடுவில் நிற்கிறது. வாசலிலிருந்து எழில் கத்தினாள். “இன்னொரு வூடு கட்டப் போறீங்களா அண்ணி?”

காரை அங்கே நிறுத்தி, ஆஃப் செய்து, கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

“எறங்கி வராம உள்ளயே குந்திக்கினு என்னா பண்றீங்க?”

“அஞ்சு நிமிஷம் இரு.”

“நான் அஞ்சு மாசமா இருக்கேன்!”

அளவு சரியாக இருந்தது. போட்டோ அனுப்பினேன்.

10 ஜூலை, வியாழன்

நான் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடத்தில் எழில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசற்படி வரை வந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. “நீங்க என்னா பண்றீங்கன்னு பாக்க வந்தேன்.” தெருவில் இறங்க மாட்டேன், நாலு பேர் பார்ப்பார்கள் என்றாள்.

பாத்தா பாத்துட்டுப் போறாங்க என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் உறைத்தது.

17 ஜூலை, வியாழன்

மழை. எழில் தெருவில் இறங்கவில்லை. போட்டோ மட்டும் கனிக்குப் போயிற்று.

24 ஜூலை, வியாழன்

வேப்பமரம் வரை வந்தாள். ஏழு நிமிடம். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். “என்னா பாக்கறீங்க, வண்டிக்கு எண்ண பாக்கறாங்க” என்று எழிலே சொன்னாள்.

7 ஆகஸ்ட், வியாழன்

ஆறு நிமிடம். கார்க் கதவைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். “இன்னும் ஒரு நிமிஷம் கொறைக்கணும் அண்ணி.” அவளுக்கும் இது போட்டியாகிவிட்டது.

14 ஆகஸ்ட், வியாழன்

ஒன்பது இருபதுக்கு ஆஃப் செய்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால், எழில் தெருவில் இருக்கிறாள். வாக்கர் இல்லை. வலது கையில் நாலு கால் ஊன்றுகோல் மட்டும். பின்னால் பொன்னி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல் வருகிறாள். நான் இறங்கவில்லை. இறங்கினால் திட்டுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை எனக்கு வலித்தது.

கதவுக்கு வந்தாள். ஊன்றுகோலை விடாமல், இடது கையைத் தூக்கிக் கைப்பிடியில் வைத்தாள். ஒரு தடவை நழுவியது. இரண்டாவது தடவை திறந்துவிட்டாள்.

பொன்னி காலைத் தூக்கி வைக்க, உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “போலாம் அண்ணி, நேரமாவுது” என்றாள். ஸ்டார்ட் செய்து கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் நினைவு வந்தது. திரையைப் பார்க்கவே இல்லை.

இரவு கனி கூப்பிட்டாள். “போட்டோ வரலையே.”

“நான் மறந்துட்டேன்” என்றேன். பிறகு, எதை மறைக்க, நடந்ததை அப்படியே சொன்னேன்.



“இடது கையாலயாம்மா?”

“இடது கையால.”

அதற்குப் பிறகு நெடுநேரம் பேசினோம். காரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பீச் வரை ஒரு சுற்று போய்விட்டு வந்து தெருவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். காபியைக் கேட்டில் சாய்ந்துகொண்டே குடித்துக்கொள்கிறேன்.