உதவிப் பக்கத்தின் வலது ஓரம்

16 ஜூன் 2003, திங்கள்

ரயிலில் அரக்கோணம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. இன்று நல்ல நாள்தான். நான் அமைத்த உதவிப் பக்கங்களை மேனேஜர் ராஜகோபால் எல்லோருக்கும் காட்டினார். எங்கள் கம்பெனியின் ஆஸ்பத்திரி மென்பொருளில் ‘ஹெல்ப்’ என்று அழுத்தினால் திறப்பவை. மேலே பெயர்ப் பட்டை, இடது பக்கம் முழுப் பொருளடக்கம், நடுவில் படங்களோடு விளக்கம். அடுத்த மாதம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இதைக் காட்டப் போகிறார்கள்.

இந்த மென்பொருளை முதலில் போட்டிருப்பது எங்கள் திருத்தணியில் ஒரு நர்சிங் ஹோமில். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பது என் மனைவி கவிப்பிரியா. புருஷனுக்கு மெட்ராசில் வேலை என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. சொல்லக் கூடாது என்றது அவள்தான். “உன் சிபாரிசுல வந்தேன்னு பேசுவாங்க பாவா. வேலை நிரந்தரம் ஆவட்டும்.” என் ஆபீசிலும் நான் சொல்லவில்லை; எனக்கும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

19 ஜூன்

சாப்பிடும்போது கவி சொன்னாள்: “ஹெல்ப்பத் தொறந்தா திரை பூரா அதுதான் நிக்குது. நான் நிரப்பிகினு இருந்த பாரம் பின்னாடி போயிடுது. படிச்சு மனசுல வச்சுகினு, மூடிட்டு, மறுபடி தேடணும்.”

“பழகிடும்” என்றேன். அங்கே இருப்பது சின்னத் திரை. அதற்கு நான் என்ன செய்வேன்?

24 ஜூன், செவ்வாய்

கவி சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வேடியப்பன் என்ற நோயாளிக்கு, நர்சிங் ஹோமை நடத்தும் டாக்டரம்மா எழுதிய இன்சுலினை, கவி தேசப்பன் என்பவர் பெயரில் ஏற்றிவிட்டாள். இரண்டு பேருடைய பாரமும் தனித்தனி ஜன்னலாகத் திறந்திருந்தன. மருந்து மாற்றுவது எப்படி என்று ஹெல்ப்பில் பார்த்திருக்கிறாள். அதை மூடியதும் முன்னால் வந்து நின்றது தேசப்பனின் பாரம். பெயரைப் பார்க்காமல் ஏற்றிவிட்டாள். படித்ததை மறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

நர்ஸ் பூவம்மாள் ஊசியோடு தேசப்பனின் கட்டில்வரை போய்விட்டார். எதற்கோ, “உங்களுக்குச் சக்கரை எத்தினி வருசமா இருக்குது?” என்று கேட்டிருக்கிறார். “எனக்கா? அதெல்லாம் இல்லியே” என்றிருக்கிறார் தேசப்பன்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் —

இன்னொரு முறை நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கவி அழவில்லை. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

25 ஜூன்

புகார் ஆபீசுக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் ராஜகோபால், “அங்க உக்காந்திருக்கற பொண்ணுக்கு மூளை கொஞ்சம் கம்மி போல. ஹெல்ப்புல தெளிவாத்தானே இருக்குது சக்திவேல்?” என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“தெளிவாத்தான் இருக்குது சார்.”

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

26 ஜூன்

கூட்டத்தில் நடந்ததைக் கவியிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை.

“என் பேரச் சொல்லாதன்னுதான் சொன்னேன். எனக்கு மூளை இல்லன்னு ஒருத்தன் சொல்லும்போது தலையாட்டச் சொன்னனா?”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

29 ஜூன், ஞாயிறு

மலையடிவாரத்து பிரவுசிங் சென்டரில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் சின்னத் திரைதான். வேண்டுமென்றே அங்கே போனேன். ஆபீசிலிருந்து கொண்டுவந்த சி.டி.யைப் போட்டு ஹெல்ப்பைத் திறந்தேன். என் பக்கம் திரையை முழுங்கிவிட்டது. இதை ஏன் நான் ஆபீசில் பார்க்கவில்லை?

பெயர்ப் பட்டையை எடுத்தேன். பொருளடக்கத்தை எடுத்து, ‘மற்ற தலைப்புகள்’ என்று ஒரே ஒரு வரி வைத்தேன். விளக்கம் வலது ஓரத்தில் ஒடுங்கிய பத்தியாக நின்றது. பாரம் இடது பக்கம் மறையாமல் இருந்தது. ஆனால் அந்த ஓரத்தில் படங்கள் நுழையவில்லை. பார்த்துப் பார்த்து வரைந்தவை. ஒவ்வொன்றாக எடுத்தேன். புதிதாக வருகிறவன் பொருளடக்கம் இல்லாமல் தடுமாறுவானோ? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

30 ஜூன்

இரண்டு அமைப்பையும் நர்சிங் ஹோமுக்கே நேரில் வந்து பாருங்கள் என்று ராஜகோபாலிடம் கேட்டேன்.

“அதே பொண்ண வச்சா? சரி, வரேன். சரிப்படலன்னா அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பழசுதான் போவும். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

3 ஜூலை, வியாழன்

ராஜகோபாலோடு நர்சிங் ஹோமுக்குப் போனேன். “உக்காருங்க சார்” என்றாள் கவி, முன்பின் தெரியாதவரைப்போல என்னைப் பார்த்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டரம்மாவும் வந்து நின்றார். பழைய பக்கத்தில் கவி திறந்து, மூடி, தேடி, பாதியில் நின்றாள். புதியதில் வலது ஓரத்தை விரலால் தொட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இடையில் ஒருமுறை தடுமாறினாள். அவளே மேலே போய்ப் படித்துச் சரிசெய்து முடித்தாள்.

ராஜகோபால் தாடையைத் தடவினார். “வெறிச்சுனு இருக்குதேம்மா. வாங்கறவன் பாத்துட்டு, என்னய்யா வேலை செஞ்சீங்கன்னு கேப்பான்.”

“வாங்கறவரு ஒருநாள் பாப்பாரு சார். நாங்க தெனமும் இதுலதான் கெடக்கறோம்.” அவள் எழுந்து நின்றாள். “இன்னொன்னும் சொல்லிடறேன் டாக்டரம்மா. இத எழுதுனவரு என் வூட்டுக்காரரு. மொத வாரமே சொன்னேன். பழகிடும்னுட்டாரு. ஆனா பேரப் பாக்காம ஏத்துனது என் தப்புதாங்க.”

ராஜகோபால் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“ஆமாம் சார்” என்றேன். “நீங்க கேட்டப்ப தெளிவா இருக்குதுன்னு சொன்னேனே, அது பொய்.”

அவர் எழுந்து காருக்குப் போய்விட்டார். நானும் கவியும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் எங்கள் வீடு இருக்கும் கண்டிகைக்குத் திரும்பினோம். இறங்கும்போது அவள் தன் பையை என்னிடம் கொடுத்தாள்.

8 ஜூலை

வலது ஓர அமைப்புதான் சென்னைக்கும் போகிறது. என் வேலையை நிரந்தரமாக்குவதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மனைவி அங்கே இருப்பதை மறைத்ததற்காக. நியாயம்தான். ஆனாலும் வலிக்கிறது.

கவியின் வேலை என்ன ஆகும் என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை. தினமும் பயந்துகொண்டே போகிறாள்.

2 செப்டம்பர், செவ்வாய்

போன மாதமே கவிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு இன்னும் இல்லை.

மென்பொருளில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் பகுதிக்கு உதவிப் பக்கம் அமைக்க வேண்டும். இரண்டு விதமாக வரைந்து, ஞாயிற்றுக்கிழமை கவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இங்க வேணாம் பாவா. வூட்டுல கேட்டா உன் மனசு நோவாம எதுனா சொல்லிடுவேன். ஆஸ்பத்திரிக்கு வா. வேலை நடக்கும்போது பாரு.”

இன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். நல்ல கூட்டம். பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் குறைந்ததும் கவி கண்ணாடித் தடுப்புக்கு மேலே என்னை எட்டிப் பார்த்தாள். தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள்.