அண்ணன் கல்லறைக்கு நீ அனுப்பிய பாட்டு

மாதா துணை

கோட்டுச்சேரி,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள தம்பி மார்ட்டினுக்கு,

உன் அண்ணி ஜெயமேரி எழுதுவது. பிரான்சில் குளிர் ஆரம்பித்திருக்கும். நீயும் உன் வீட்டாரும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் கிறிஸ்டியும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நீ பேசிக்கொண்டே போவாய், நான் ம் கொட்டிக்கொண்டே இருப்பேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். அதனால் பேப்பரில் எழுதி, அடுத்த வீட்டு அர்ஷியாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். நான் படித்தது அஞ்சாவது.

ஒரு வாரமாக மழை. அடுப்படி மூலை ஒழுகுகிறது. பாத்திரம் வைத்திருக்கிறேன். கிறிஸ்டி பள்ளிக்கூடம் போய் வருகிறாள், பன்னிரண்டாவது. ஆனால் அப்பா போனதிலிருந்து அவள் சுவிட்சைத் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் இருட்டிலேயே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் வந்து போடுகிற வரைக்கும். நான் திட்டுவதில்லை. எனக்கே விரல் கொஞ்சம் தயங்கித்தான் போகிறது.

இப்போது உன் அண்ணன் கல்லறைக் கல் விஷயம். வியாழக்கிழமை கல் வெட்டுகிற சோமசேகரன் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "பிரான்ஸ் தம்பி போன்லயே எல்லாம் அனுப்பிட்டாங்கக்கா, கல்லறைத் திருநாளுக்குள்ள பதிச்சிடச் சொன்னாங்க" என்றார். அப்போதுதான் எனக்கே தெரியும். புருஷனைப் புதைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

கல் நல்ல கல்தான். கறுப்பு, மூஞ்சி தெரிகிற பாலீஷ். மேலே உன் அண்ணன் பெயர், நடுவில் இங்கிலீஷில் ஆறு வரி, அடியில் "மார்ட்டின் குடும்பம், பிரான்ஸ்". உன் பெயர் அவர் பெயரை விட ஒரு நூல் பெரிசாகவே இருந்தது. சோமசேகரன் அளவு தப்பிவிட்டாரோ என்று கேட்டேன். இல்லையாம், நீ அனுப்பினபடிதானாம்.

ஆறு வரிக்கும் அர்த்தம் கேட்க அர்ஷியாவைக் கூப்பிட்டேன். அவள் நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று உனக்குத் தெரியும். வாசித்துப் பார்த்துவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்குக்கா. லைட், நைட். வீப், ஸ்லீப். ஸீ, ஃப்ரீ. எல்லாம் கரெக்டா ரைம் ஆகுது. எங்க யுகேஜி பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லித் தர்றேன். ஒரே மாதிரி முடியுற வார்த்தையக் கோடு போட்டுச் சேர்க்கணும்" என்றாள். அர்த்தமும் சேரணுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாங்கா, சத்தம் சேர்ந்தாப் போதும். கேட், மேட்னு பூனையையும் பாயையும்கூடச் சேர்ப்போம்" என்று சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நீ எங்கள் வெளிச்சம், உனக்கு இனி ராத்திரி இல்லை. இது முதல் இரண்டு வரி. வெளிச்சமா, மார்ட்டின்? சுரக்குடி கல்யாணப் பந்தலில், மழை விட்ட ஈரத்தில், உன் அண்ணன் சீரியல் லைட் மாலையைக் கையில் பிடித்து ஏணியில் நிற்கும்போது கீழே எவனோ மெயினைப் போட்டான். பந்தல் முழுக்க வெளிச்சம் வந்ததாம். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இத்தனையும் உனக்குச் சொல்லியிருக்கிறது. சொல்லியும் அந்த வார்த்தையைத் தேடிப் பிடித்து அவர் நெஞ்சுக்கு மேலே வைக்கிறாய். எதற்கு? நைட்டுக்கு ஒரு ஜோடி வேண்டும், அதற்கு.

அடக்கத்தன்று வீடியோவில் பார்த்தாயே, அப்போதும் இப்படித்தான். "மூஞ்சி இருட்டா தெரியுது, லைட்டப் போடுங்க" என்றாய். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த வீட்டில் லைட் போடுகிற ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அடுத்தது, நாங்கள் அழவில்லை, நீ தூங்குகிறாய். யார் அழவில்லை? நான் அழுதேன். கிறிஸ்டி அழுது மயங்கி விழுந்தாள். அர்ஷியா வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை. அழாதது யார் என்று உனக்கே தெரியும். உன் ஒருத்தன் கணக்கை எங்கள் எல்லார் தலையிலும் எழுதிக் கல்லில் வெட்டுகிறாயே.

கடைசி வரிகளில், நீலக் கடலோரம் நீ விடுதலை அடைந்தாய். நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரை எட்டிப் பார்த்தால் தெரிவது நெல் வயல். நீ அதையும் மறந்துபோனாய். உன் அண்ணனுக்குக் கடலைக் கண்டாலே ஆகாது. கடலோரக் கோட்டுச்சேரிமேட்டில் வேலை என்றால் முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்புவார், உப்புக் காற்று சுவிட்ச் போர்டையெல்லாம் தின்றுவிடுகிறது என்று. அவரைப் போய் கடலோரம் படுக்க வைக்கிறாய். விடுதலையாம். யாரிடமிருந்து விடுதலை? என்னிடமிருந்தா? அந்தப் பிள்ளையிடமிருந்தா?

உன் அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாலே வார்த்தை. ஆன், ஆஃப், ஃபேஸ், நியூட்ரல். ஒன்றுக்கொன்று சத்தம் சேராது. ஆனால் ஒன்று மாறினால் ஆள் போய்விடும் என்பதால் பயந்து பயந்து சொல்வார். அந்த மனுஷன்தான் ஊர் ஊராய் வயர் இழுத்து உன்னை இங்கிலீஷ் படிக்க வைத்தார். அது திரும்பி அவர் தலைமாட்டுக்கு வந்த லட்சணம் இது. இதைவிட நீ ஒரு சாதா மெழுகுவர்த்தி அனுப்பியிருக்கலாம்.

நேற்று கல்லைப் பதித்தாகிவிட்டது. கவிழ்த்துப் பதிக்கச் சொன்னேன். சோமசேகரன் பதறிப்போனார். "என்னக்கா, பாலீஷ் போட்ட பக்கத்த மண்ணுல வைக்கச் சொல்றீங்க? பாக்குறவங்க எனக்கு வேலை தெரியலன்னு சொல்லுவாங்க" என்றார். "பாட்டு அவருக்குத்தான எழுதியிருக்கு? அவரே படிச்சுக்கட்டும். இங்கிலீஷ் கத்துக்க இனிமே அவருக்கு நேரம் இருக்கு" என்றேன். சோமசேகரனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிமெண்டைக் குழைக்கப் போனார். கோபம் வந்தால் வரட்டும் உனக்கு. வந்தாலாவது போன் பண்ணாமல் நேரில் வருவாய்.

மேல் பக்கம் இப்போது சொரசொரப்பாக வெறுமையாக இருக்கிறது. அவர் பெயரைக்கூட வெட்டவில்லை. நான்தான் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வருவார். நாங்கள் அந்த வெறுங்கல்லில்தான் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அடுத்த வருஷமும் அப்படித்தான். அது உனக்காகக் காத்துக்கிடக்கட்டும்.

லீவு கிடைக்கும்போது வா தம்பி. பாட்டு ஒன்றும் கொண்டு வராதே. வந்து அந்தக் கல்லில் தலையை வைத்து அழு. நான் இந்தக் கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதியது பொய்யாகட்டும். அப்புறம் என்ன வெட்டலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

பகலில் வராதே, சாயங்காலம் வந்து சேருகிற மாதிரி வா. கிறிஸ்டி இருட்டில் உட்கார்ந்திருப்பாள். உனக்கும் உன் அண்ணனுக்கும் ஒரே கை, ஒரே விரல். உள்ளே வந்ததும் நீயே அந்த சுவிட்சைப் போடு. அவள் பார்க்கட்டும்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கூட்டி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
சிலுவைராஜ் மனைவி ஜெயமேரி