ஒரு வரி முன்னால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? வெந்நீரே கொடு, ஜூஸைக் கண்ணில் காட்டாதே.

ஃபோனில் நீ கேட்கிற ஒரே கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, இன்னும் அழவில்லை. அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது, அழுகை வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே அப்படித்தான் இருக்கிறேன், கிள்ளினாலும் தெரியவில்லை.

ஆலயத்தில் கோடைக் கச்சேரிகளை இந்த வருடமும் நிறுத்தவில்லை. ஆறு சனிக்கிழமைக்கும் அப்பாவே பட்டியல் போட்டு வைத்துவிட்டுப் போனாரே, அதன்படியே நடக்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். அப்பா இடத்தில் ஆர்கன் வாசிக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். இசைப் புத்தகத்தில் பக்கம் திருப்ப வழக்கம்போல நானே உட்காரலாம் என்றார்கள், சரி என்றேன். முதல் சனிக்கிழமை நம் பல் டாக்டர் பாடினார், அப்பா இடிமுழக்கம் என்று பெயர் வைத்தாரே அவரேதான். அப்பா எப்போதும் ஒரு வரி முன்னால் படித்துவிடுவார் என்பது உனக்குத் தெரியும். பக்கத்தின் கடைசி வரி ஆரம்பிக்கிற இடத்திலேயே பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருப்பார், அங்கே வந்ததும் நான் திருப்பிவிட வேண்டும். கடைசி வரி என் மண்டையிலதான் இருக்கே, தாள்ல எதுக்கு என்பார். முப்பத்தொரு வருடப் பழக்கம், வட்டத்தைப் பார்த்ததும் கை தானாகத் திருப்பிவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரியே காணோம். ஆலயம் நிறைய ஆட்கள், ஆர்கன் அப்படியே நின்றுவிட்டது. இடிமுழக்கம் பாவம், நான் பக்கத்தைப் பின்னால் புரட்டி முடிக்கும் வரை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க நின்றார். முடிந்ததும் அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. ஆன்ட்டி, கடைசி வரி முடியிற வரைக்கும் எனக்குப் பக்கம் வேணும், நான் தலையாட்டினப்புறம் திருப்புங்க என்றாள். அந்த வட்டமெல்லாம் என்னையும் குழப்புது, அழிச்சுத் தரமுடியுமா என்று ஒரு ரப்பரையும் கையில் கொடுத்தாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அந்தந்த வாரத்துப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். ரப்பர் தூளைத் துணியால் துடைத்துக் குப்பையில் போட்டேன், அப்போதும் மனதில் ஒன்றும் அசையவில்லை. அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமையும் அவள் தலையாட்டினாள், நான் திருப்பினேன், எல்லாம் ஒழுங்காக நடந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கடைசி வரியை அது முடியும் வரை பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேற்று ஆறாவது கச்சேரியின் புத்தகத்தை எடுத்தேன். நான்காம் பக்கத்தில் வட்டம், அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் தூங்காதே திருப்பு என்று அப்பா எழுதியிருக்கிறார். நீ ஆறு மாதக் குழந்தை, ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடமாட்டாய், ஒத்திகையில் உன்னைக் கூடையில் போட்டு பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு நான் தூங்கித் தூங்கி விழுவேன். அந்தச் சமயம் எழுதியது. வட்டத்தை அழித்தேன். எழுத்தின் மேல் ரப்பரை வைத்தேன், தேய்க்கக் கை வரவில்லை, வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உன்னை ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் காப்பார். மாப்பிள்ளையிடம் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், தள்ளிப்போட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மறக்காமல் எனக்காக ஜெபம் பண்ணு. அந்தப் பெண் தலையாட்டும் வரை நான் திருப்பக் கூடாது, அந்த ஒரு வரி முழுக்க அப்பாவின் எழுத்து என் கண்முன்னால் இருக்கும். அங்கே வைத்து அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வந்தாலும் பென்சில் எழுத்து தண்ணீர் பட்டால் அழியாது, இல்லையா?

குட்டிக்கு ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா