ஆய்வக மேசையின் குட்டைக் கால்

அன்புள்ள விருதாளருக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வருடம் உன் பாராட்டு விழாவன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. நம் ஆய்வக மேசைக்கு அடியில், முழங்காலில் மோவாயை முட்டுக்கொடுத்து ஒளிந்திருந்தேன். நீ தேடி வந்தது காதில் விழுந்தது.

"எங்க போனான் இவன்? போட்டோவுக்கு நிக்க வேணாமா?"

"ஜுரமாம் சார். காலைல நல்லாத்தான் இருந்தாரு," என்றார் பியூன்.

"ஜுரமில்லய்யா, வயித்தெரிச்சல்."

வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஊசிக்குழாய்களை ரப்பர் குழாயால் இணைத்து, புத்தக மூட்டையைத் தூக்கிக் காட்டும் அந்தக் கருவியை நாம் இரண்டு பேரும்தானே செய்தோம்? தண்ணீர் பீய்ச்சியடித்தது என் சட்டையில். சிறந்த அறிவியல் ஆசிரியர் விருதும் ஆய்வக மானியமும் வந்தது உன் பெயருக்கு. அன்றிலிருந்து உன்னோடு பேச்சில்லை. ஆசிரியர் அறையில் உன்னைத் திருடன் என்று சொன்னேன். அதற்குக் கை கால் வைத்து உன்னிடம் சொல்லியிருப்பார்கள்.

உன் மானியத்தில் வாங்கிய புது மேசைகள் நேற்று வந்திறங்கின. பழைய மேசையை நகர்த்தியபோது, ஆடாமலிருக்க அதன் குட்டைக் காலுக்கு நான் அண்டக்கொடுத்திருந்த உறை வெளியே வந்தது. ஆசிரியர் அறையில் என் மேசைமேல் கிடந்ததை, இன்னொரு பயிற்சி முகாமுக்கான சுற்றறிக்கை என்று எண்ணி, பிரிக்காமலே மடித்துச் செருகியிருந்தேன். நேற்றுதான் பிரித்தேன்.

போன வருட விருதுக்கான விண்ணப்பம். உன் கையெழுத்தில் நம் இருவர் பெயரும் இருந்தன. ஓரத்தில் பென்சிலில், "வெள்ளிக்குள்ள கையெழுத்து போட்டுக் குடுடா" என்று எழுதியிருந்தாய். நான் கையெழுத்திட வேண்டிய கட்டத்தில் மேசைக்காலின் தடம் மட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
மேசைக்கடியில் இருந்தவன்