செவலையின் கன்று

8 பிப்ரவரி 2024, கேத்தி

வேலாமணியக்காவின் கிடேரிக்கு இன்று சினை ஊசி போட்டேன். முதல் சினை. சின்ன உடம்பு, செவலை நிறம், பேரும் செவலைதான். கேரட் கழுவும் வேலைக்குப் போய்வரும் அக்காவுக்கு வீட்டில் பேச்சுத்துணையே அதுதான்.

குடுவையில் ஜெர்சி உறைவிந்துக் குச்சி தீர்ந்திருந்தது. ஹெச்.எஃப். மட்டும் இருந்தது, பெரிய மாட்டு இனம். இவ்வளவு சின்ன மாட்டுக்கு முதல் சினையில் அதைப் போடக் கூடாது, கன்று பெரிதாகிவிடும், தெரியும். ஆனால் இந்தப் பருவம் தப்பினால் இன்னும் மூன்று வாரம். துறை தந்த மாத இலக்கில் எனக்கு இன்னும் பதினொரு ஊசி பாக்கி. "சின்ன மாடுங்க அம்மிணி, தாங்குமுங்களா?" என்றார் அக்கா. தாங்கும் என்றேன். எந்தக் குச்சி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

11 மே

கை விட்டுப் பார்த்தேன், சினைதான். அக்கா ஒரு பை நிறைய கேரட் கொடுத்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

30 செப்டம்பர்

செவலையின் வயிறு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. எல்லா மாட்டுக்கும் இப்படித்தானே? இப்படித்தான்.

14 நவம்பர்

செவலை செத்துப்போச்சு.

விடியும்போதே அக்கா போன் செய்தார். மழை. கால்நடை டாக்டர் கூடலூர் முகாமுக்குப் போயிருந்தார். கன்றின் முன்கால் இரண்டும் வெளியே, தலை வரவில்லை. பக்கத்து வீட்டு முத்துராஜும் நானும் கயிறு கட்டி ஒன்றரை மணி நேரம் இழுத்தோம். கன்று உயிரோடு வந்தது, பெண். தாய்க்கு ரத்தம் நிற்கவே இல்லை. பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சுது. நான்தான் கொன்னேன். வேற யாரு? தெரிஞ்சுதானே போட்டேன்?

நான் கை கழுவ அக்காதான் தண்ணீர் ஊற்றினார். "நீங்க வரலீன்னா கன்னும் போயிருக்குமுங்க" என்றார்.

2 டிசம்பர்

கால்நடைக் கணக்கெடுப்பு. இன்று நாற்பது வீடு. அக்கா வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். கன்று கருப்பு வெள்ளை, கொழுகொழுவென்று இருக்கிறது. "உங்க பேருதானுங்க வெச்சிருக்கேன், ப்ரியா" என்றார் சிரித்துக்கொண்டு.

போனில் கணக்கெடுப்புச் செயலியின் கேள்விகள் வரிசையாக வந்தன. கறவை மாடு, இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட பெண் கன்று, ஒன்று. இனம்? ஹெச்.எஃப். கலப்பு என்று அழுத்தினேன். போனிடம் சொல்ல முடிந்தது, எதிரே நின்றவரிடம் முடியவில்லை.

5 டிசம்பர்

இன்று போய்ச் சொல்லிவிட்டேன். ஜெர்சி இல்லாதது, பெரிய இனம் போட்டது, இலக்கு, எல்லாமே. அக்கா கன்றுக்குப் பால் புட்டி பிடித்துக்கொண்டிருந்தார். புட்டி காலியானதும் அதைக் கழுவி வைத்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மூணு வாரம் பொறுத்திருப்பனுங்களே?"

19 டிசம்பர்

விட்டுப்போன இரண்டு வீட்டைக் கணக்கெடுக்க அந்த வழியாகப் போனேன். அக்கா கன்றை வெயிலில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வாங்க என்று சொல்லவில்லை. கன்று திமிறிக்கொண்டு பாதைக்கு ஓடி வந்தது. அதன் உடம்பில் ஒரு சிவப்பு மயிர் கிடையாது.

"செவலை, நில்லு" என்று கூப்பிட்டார். நின்றது.