அப்பா செல்லுக்குப் போன மெசேஜ்

செவ்வாய், திண்டிவனம்

காலேஜ்ல சேர்ந்தப்போ ஆரம்பிச்ச பேங்க் கணக்குல இன்னும் அப்பா செல் நம்பர்தான் இருக்கு. எனக்கு எப்படி அது தோணாம போச்சு?

மாசம் மூவாயிரம் ஆர்.டி. சேமிப்புக்குப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். இன்னைக்கு முதல் தவணை பிடிச்ச மெசேஜ் நேரா அவருக்குப் போயிடுச்சு. விழுப்புரத்துல வேலை முடிஞ்சு வந்தா, வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு.

"உன் பணத்தை எவனோ எடுத்துக்கினு இருக்கான்மா. நிலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கறதை வுட்டுட்டு பேங்குக்கு ஓடனேன். நீதான் வரணும்னுட்டாங்க. காலைல போலீஸ் ஸ்டேஷன் போலாம், லீவு சொல்லிடு."

போன வாரம் கிணத்து மோட்டார் ரிப்பேருக்குப் பணம் கேட்டாரு. கையில ஒண்ணும் இல்லன்னேன். என் வேலை காண்ட்ராக்ட், எப்போ நிறுத்துவாங்கன்னு தெரியாது, அதுக்குத்தான் சேத்து வைக்கறேன். அதையாவது சொல்லியிருக்கலாம். இன்னைக்கும் "சரிப்பா"ன்னுதான் சொன்னேன்.

சாப்பிடறப்போ சொல்றாரு: "மோட்டாரு கெடக்கட்டும், உன் காசு வந்தாப் போதும்."

தூக்கம் வரல. ஸ்டேஷனுக்குப் போட்டுக்கினு போக வெள்ளைச் சட்டையைத் தானே துவைச்சுக் கொடியில போட்டிருக்காரு. காலைக்குள்ள காயணும்னு, புழுக்கத்துல படுத்துக்கினு, டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வச்சிருக்காரு.