அம்மா பேரில் ஒரு அஞ்சு

சீட்டே இல்லாத ஒரு சைக்கிளில் எனக்குப் பாதிப் பங்கு கொடுத்த என் தம்பி எபிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்க தோஷம். நீ போன பிறகு வந்த முதல் போட்டி போன மாதம் முடிந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? கம்பெனியில் பக்கத்து மிஷினில் நிற்கிற பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "சைக்கிள் ரேஸாக்கா? யாரு மொதல்ல வந்தது?" என்று கேட்கிறார்கள். ரேஸ் இல்லை, வேகமே வேண்டாம், காலை ஊன்றாமல் பாறை மேல் ஏறி இறங்க வேண்டும், ஊன்றினால் ஒரு தப்பு, யாருக்குத் தப்பு குறைவோ அவர்தான் ஜெயித்தவர் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் டீ நேரம் முடிந்துவிடுகிறது.

முதலில் வீட்டு விஷயம். உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு நம் சைக்கிளை ஆட்டுக் கொட்டகையில் சாய்த்து, தார்ப்பாய் போட்டு மூடினோம். அம்மா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். ஆட்டுக்குத் தழை போடக்கூட என்னைத்தான் அனுப்புவாள். "அந்தச் சனியன எங்கனா தூக்கினு போய்ப் போடுடி. எம் புள்ளைய துன்னுட்டு குந்திக்கினு கீது பாரு" என்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தச் சைக்கிளுக்காகக் காஞ்சிபுரத்துக் கூரியர் ஆபீசுக்கு வந்திருந்த பிரேக் கட்டையை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மோட்டார் பைக்கில் கிளம்பினாய். திரும்பி வருகிற வழியில், ரோட்டுத் திருப்பத்தில், டிப்பர் லாரி. பிரேக் கட்டை வாங்கப் போனவன் என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை.

நான் ஒளித்து மறைத்து ஓட்டவில்லை, எபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அம்மா கண் முன்னாலேயே தார்ப்பாயை எடுத்தேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் வாய் நீளம், உனக்குத் தெரியாததா? "அவன் போனது ரோட்டுல, இதுல இல்ல" என்று கத்திவிட்டேன். "எதுல போனா இன்னாடி, போனவன் போனவந்தான" என்றாள்.

இரண்டு பேரும் முகம் பார்க்காமல் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். "நீ போட்டில ஓட்டறத ஒரு தபா வந்து பாக்கறேன். எந்நெஞ்சு தாங்கலன்னா, செங்கல்பட்டு ஆளு ஒருத்தன் வண்டிய கேட்டுக்கினு போனான் பாரு, அவங்கிட்ட குடுத்துடணும். அப்பால நீ வாய தொறக்கக் கூடாது." சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆக, அந்தப் போட்டியில் நான் ஓட்டியது கப்புக்காக இல்லை. அம்மாவின் நெஞ்சு தாங்க வேண்டும், அதற்காகத்தான். விழக்கூடாது. விழுவது போலத் தெரியவும் கூடாது. நம் விளையாட்டில் அது நடக்கிற காரியமா, நீயே சொல்.

போட்டிக்கு முந்தின வாரம் பிரேக் பிரச்சினை வந்தது. நம் பழைய சண்டை நினைவிருக்கிறதா? சக்கர வளையத்தில் ரோட்டுத் தாரைத் தேய்த்தால்தான் பிடிக்கும் என்பாய் நீ. கிரைண்டர் போட்டு வளையத்தைச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும் என்பேன் நான். நீ தார்க் கட்சி, நான் கிரைண்டர் கட்சி. கல் குவாரி என்றால் தூசி. தூசியும் தாரும் சேர்ந்தால் களிம்பாகி வழுக்கிவிடும் என்று எனக்குப் பயம். பின்சக்கரத்தை வெல்டிங் கடையில் கொடுத்துத் தாரைச் சுரண்டி, கிரைண்டர் போட்டேன். முன்சக்கரத்தில் கை வைக்கவில்லை. அதில் நீ விரலால் இழுத்த தார் அப்படியே இருக்கிறது.

பழைய கட்டை தேய்ந்து போயிருந்தது. வேறு வழியில்லாமல், ஆஸ்பத்திரியில் உன் பையோடு கொடுத்த அந்தக் கூரியர் பெட்டியை அன்றைக்குத்தான் பிரித்தேன். கிரைண்டர் போட்ட வளையத்துக்கான கட்டை, எபி. தார் வளையத்துக்கானது இல்லை. கடைசி வரைக்கும் என்னோடு மல்லுக்கு நின்றுவிட்டு, எனக்குப் பிடித்ததைத்தான் வாங்கி வைத்திருக்கிறாய். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கொட்டகையில் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அதை மாட்டினேன்.

போட்டி நம் உத்திரமேரூருக்கு வெளியே, கல் எடுப்பதை நிறுத்திவிட்ட குவாரியில். பாறைகளுக்கு நடுவே ரிப்பன் கட்டி, ஒவ்வொரு பாறைக்கும் பக்கத்தில் தப்பு எழுத ஒரு ஆள். அம்மா ஒயர் கூடையில் எலுமிச்சை சாதத்தோடு வந்து, வேலிக்காத்தான் நிழலில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், "இன்னாம்மா இது, சீட்ட எவனா கயட்டினு பூட்டானா?" என்று சிரித்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது அப்டிதான் வரும். குந்தற வண்டி இல்ல அது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை எப்போது உன்னிடம் கேட்டு வைத்திருந்தாள்?

எனக்குக் கேட்ச் நின்றது ரஃபி. உன்னோடு ஐடிஐயில் படித்தானே, அவனேதான். கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், விழுந்தால் பிடிக்க வேண்டும், விழுகிற வரைக்கும் தொடக்கூடாது. கூட வந்தவர்களில் யார் தொட்டாலும் அந்தப் பாறைக்கு முழுசாக அஞ்சு தப்பு. நீ நிற்கும்போது நான் கீழே பார்த்ததே இல்லை. ரஃபி நின்றபோது ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் பார்த்துக்கொண்டேன். அவன் நல்லவன்தான், ஆனால் நீ இல்லையே.

முதல் பாறைகளில் காலை ஊன்றவில்லை. நடுவில் ஒரு இடைவெளியைத் தாவும்போது பின்டயர் விளிம்பில் இடித்தது. காற்றை நீ சொல்வது போலக் கட்டைவிரல் அமுங்குகிற அளவுக்குக் குறைத்திருந்தேன். தப்பித்தேன், ஆனால் கால் ஒரு முறை கீழே பட்டுவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். முந்தானை வாயில் இருந்தது. ஒவ்வொரு பாறை முடிந்ததும் அவள் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்திருப்பாள். அது எனக்கு நல்லதா கெட்டதா என்று புரியவில்லை.

கடைசிப் பாறைக்கு வரும்போது நானும் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் சமமாக இருந்தோம். அவள் கடைசிப் பாறையில் ஒரு முறை காலை ஊன்றிவிட்டாள். நான் ஊன்றாமல் இறங்கினால் நான்தான் முதல்.

மூன்று அடுக்குப் பாறை அது. தொத்தித் தொத்தி மேலே ஏறிவிட்டேன். உச்சியில் பின்சக்கரத்தில் மட்டும் நிற்க வேண்டும். முன்சக்கரம் அந்தரத்தில், கீழே ஆள் உயரத்துக்குப் பள்ளம். நிதானம் வந்த பிறகுதான் கீழ்ப்பாறைக்குக் குதிக்க வேண்டும். பின்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். உன் கட்டை உடும்புப் பிடியாகப் பிடித்தது, எபி. கொஞ்சம்கூட வழுக்கவில்லை. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிச் சமன் பார்த்தேன். கீழே ரஃபியின் கைகள். இதோ குதிக்கப் போகிறேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் பனியனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. "ஏசப்பா" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி நான் பாறையில் அம்மாவின் மடியில் கிடந்தேன். வண்டி கீழே ரஃபியின் கையில். பின்பக்கச் சரிவில் ஏறி, ரிப்பனுக்குள் புகுந்து வந்திருக்கிறாள். சமன் பார்த்து ஆடுகிறவள் அவள் கண்ணுக்கு விழப்போகிறவளாகத் தெரிந்திருக்கிறாள்.

விசில் ஊதினார்கள். தப்பு எழுதுகிற பையன், காலேஜ் படிக்கிற வயசு, என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டு, "அஞ்சுக்கா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. "ஏம்மா தொட்ட? நான் உழலம்மா, உழவே இல்ல" என்று கத்தினேன். அம்மா என் பனியனைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்தப் பையனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவ கால வெச்சாளா?"

"இல்லம்மா."

"உழுந்தாளா?"

"இல்லம்மா. நீங்க தொட்டீங்க. ரூல்ஸ்மா, நான் இன்னா பண்றது?"

"தொட்டது நானு. அந்த அஞ்ச எம் பேர்ல எழுது. அவ பேர்ல ஏன் எழுதற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை, எபி. நியாயம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவன் உழுந்தப்ப நா ஏரிப் பாசனத்துல நாத்து நட்டுக்கினு இருந்தேன். கிட்ட இருந்திருந்தா புடிச்சிருப்பேன் இல்ல? இன்னிக்கி கிட்ட இருந்தேன். புடிச்சேன்."

என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பாறை மேலேயே அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர்ப் பெண்தான் முதல். அவளே வந்து அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

லோடு ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். வண்டியைக் கொடுத்தாக வேண்டும் என்று நானே மனசைத் தேற்றிக்கொண்டேன். நெஞ்சு தாங்கவில்லை என்பதைத்தான் ஊரே பார்த்ததே. மறுநாள் காலையில், நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, செங்கல்பட்டு ஆள் போன் பண்ணினார். அம்மாதான் எடுத்தாள். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இல்லபா, அது குந்தற வண்டி இல்ல. உனுக்கு ஆவாது" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா மொறைக்கற? நாஷ்டா துன்னுட்டு கெளம்பு. ஞாயித்துக்கெயம எங்க நிக்கணும், கைய எப்டி வெக்கணும்னு சொல்லிக்குடு. ரஃபி எதுக்கு? நா நிக்கறேன்" என்றாள்.

அதிலிருந்து வாராவாரம் ஏரி மதகுப் பக்கம் அவள்தான் எனக்குக் கேட்ச். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி நிற்கிறாள். முதல் ஞாயிறு முழுக்கத் தொட்டுக்கொண்டே இருந்தாள். "கை தானா போவுதுடி, நா இன்னா பண்ணட்டும்" என்று பேஜாராகிவிட்டாள். நானும் திட்டினேன், அவளும் திட்டினாள். நீ இருந்திருந்தால் மதகு மேல் உட்கார்ந்து சிரித்திருப்பாய்.

நேற்று மதகுச் சுவர் மேல் பின்சக்கரத்தில் நின்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக ஆடினேன். கீழே பார்த்தேன். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன, என்னைத் தொட வரவில்லை. நான் இறங்கி வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். "தொடல, பாத்தியா?" என்றாள். பிறகு, "எபியாண்ட சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். முன்சக்கரத்தில் உன் தாரை யாரும் சுரண்ட விட மாட்டேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டுகிறவள் விழாமல் இருக்க முடியாது, அது உனக்கும் தெரியும். ஆனால் இனி நான் விழுந்தால் அவள் கையில்தான் விழுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அந்த வண்டியின் மீதிப் பாதிக்காரி,
உன் அக்கா கிரேசி